முதலில் குதிக்காதவனைச் சேர்த்துக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

குடியாத்தத்தில் இருபது பையன்களைச் சேர்த்துத் தன்னார்வத் தீயணைப்புக் குழு தொடங்கப்போகிறேன், நீங்கள் வந்து பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். கட்டாயம் வருகிறேன். வேலூர் மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்திலிருந்து தீயணைப்பு வண்டியில் ஓடியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இதைவிடச் சந்தோஷமான சேதி எனக்கு வந்ததில்லை. அதற்கு முன்னால் சிலவற்றை எழுதிவிடுகிறேன். பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ உன்னைப் போல யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அமெரிக்கச் சிற்றூர்ப் படங்களைப் பார்த்தேன். அந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தன்னார்வலர்கள்தான். 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் கூட்டிய குழுவிலிருந்து அந்த வழக்கம் வேர்பிடித்து வந்திருக்கிறது. மளிகைக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் மணி அடித்ததும் ஓடிப்போய் வண்டி ஏறுகிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனால் நம்ம ஊரில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 12-ஆம் அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சொன்னாலும், தமிழ்நாட்டில் அதை மாநிலத் துறைதான் நடத்துகிறது. 101-ஐ அழைத்தால் பயிற்சி பெற்ற ஆட்கள் வண்டியோடு வருவார்கள். அதனால் வண்டி வாங்கவும் ஹோஸ் வாங்கவும் நன்கொடை திரட்ட வேண்டாம். அந்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் தீ இல்லாத நாளில் செய்யும் வேலையைப் பார். வீடு வீடாகப் போய்ப் புகை எச்சரிக்கைக் கருவி மாட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு போட்டு நிதி சேர்க்கிறார்கள், வயதானவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

நம்ம பக்கத்தில் என்னை அதிகம் அழவைத்தவை கிணறுகள். நெருப்பு கூட அதற்கு அப்புறம்தான். வடாற்காட்டில் கொல்லைக்கு ஒரு தரைக்கிணறு. பல இப்போது போர்வெல் வந்ததும் கைவிடப்பட்டவை, சுற்றுச்சுவர் இல்லாதவை. தண்ணீர் வற்றிய கிணற்றின் அடியில் இலைதழை மக்கி, ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு தேங்கி நிற்கும். அது காற்றைவிடக் கனமானது, மேலே எழும்பாது. மோட்டாரைப் பழுதுபார்க்கவோ, விழுந்த ஆட்டைத் தூக்கவோ ஒருவர் இறங்குவார். இரண்டு நிமிடத்தில் சத்தம் இருக்காது. மேலே நிற்கும் தம்பி இறங்குவான். அவனுக்காகப் பக்கத்துக் கொல்லைக்காரர் இறங்குவார். நாங்கள் போய்ச் சேரும்போது ஒரு குடும்பத்தில் மூன்று பேரைக் கயிறு கட்டி மேலே எடுக்க வேண்டியிருக்கும். கழிவுநீர்த் தொட்டியிலும் தோல் தொழிற்சாலைக் கழிவுக் குழியிலும் இதே கதைதான், இன்னும் வேகமாக நடக்கும். அங்கே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று இறங்கியவர்கள் உண்டு.

எரியும் விளக்கைக் கிணற்றில் இறக்கிப் பார்ப்பது பெரியவர்கள் வழக்கம். அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பது தப்பு. கழிவுக் குழியில் விளக்கை இறக்கினால் அங்கிருக்கும் மீத்தேன் தீப்பிடிக்கும், அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஆளை இறக்கிக் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யவைப்பதற்கு 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை போட்டிருக்கிறது என்பதையும் தெருத்தெருவாகச் சொல்லுங்கள். உன் குழுவின் முதல் வேலை, விழுந்தவரைப் பார்த்துப் பதறி இறங்கப்போகிறவரின் இடுப்பைப் பிடித்து நிறுத்துவது. அவர் உன்னை அடிப்பார், திட்டுவார். விடாதே. 101-க்குச் சொல்லும்போது ஆள் கிணற்றில் விழுந்துவிட்டார் என்பதோடு நிறுத்தாமல், வாயு இருக்கும் போலிருக்கிறது, பி.ஏ. செட் என்ற மூச்சுக்கருவி வேண்டும் என்று சொல். மூச்சுக்கருவியும் கயிறும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

நெருப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றதை நேரில் காட்டுகிறேன். சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையில் படரும். கசிவு வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குச் சொல்ல வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தட்டைப் போட்டு மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. தீக்காயத்தில் பேஸ்ட், மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டச் சொல். குடியாத்தத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு, தீப்பெட்டித் தொழில். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும். அதனால் சாக்கையும் மண்ணையும் போட்டு மூடி மூச்சடைக்கப் பார்த்தால் அடங்காது. அங்கே ஆளை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

இதைச் சொல்லும்போதே கேட்கிறேன், இருபது பையன்கள் என்றாயே, பெண்கள் எங்கே? கத்திரி வெயிலில் கூரை வீடு எரிவது பெரும்பாலும் பகல் நேரத்தில்தான். அப்போது உன் பையன்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் பீடி சுற்றிக்கொண்டும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டும் இருப்பவர்கள் அக்காக்களும் அம்மாக்களும். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்தக் குழந்தை பகலில் தூங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பாதிப் பேராவது அவர்களாக இல்லாமல் இந்தக் குழுவைத் தொடங்காதே.

அப்புறம் தண்ணீர். எங்கள் வண்டியில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும், முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடத்துக்குத்தான். கரும்புத் தோகை வேய்ந்த நாலு குடிசை சேர்ந்து எரியும்போது வண்டி காலியாகி, அடுத்த தண்ணீருக்கு எங்கே போவது என்று தெரியாமல் நின்ற நேரம் என் வாழ்நாளின் மோசமான நேரம். சித்திரையில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும், எந்தக் கொல்லையின் மோட்டார் கொட்டாய் வரை வண்டி போகும், சாவி யாரிடம், கரன்ட் எந்த நேரத்தில் வரும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெருமுனையில் ஒருவன் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும். இரண்டு பேர் பைக்குகளை ஒதுக்கட்டும். செல்போனில் படம் பிடிக்கிறவர்களை வாளி வாங்கி வரிசையில் நிற்கவையுங்கள். வைகாசி முதல் நாள் நம்ம ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று கூட்டத்துக்கு நடுவே வண்டி போக ஒரு பாதையைக் காலியாக வைத்திருந்தாலே பெரிய உதவி.

மழையையும் மறந்துவிடாதே. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததை நீயே பார்த்திருப்பாய். அந்த மாதம் 19-ஆம் தேதி விடிவதற்கு முன் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள், நாலு பேர் குழந்தைகள். இடிந்த பிறகு வரும் எங்களால் உடலைத்தான் எடுக்க முடிகிறது பல நேரம். ஐப்பசி பிறப்பதற்குள் ஊறிப்போன மண்சுவர், சாய்ந்த பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் உன் ஆட்கள் போய்ப் பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். மழை வலுக்கும் இரவில் அந்த வீடுகளுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் படுக்க வாங்க என்று கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். அரசு ஆள் சொன்னால் தயங்குகிறவர்கள், தெருப் பிள்ளை சொன்னால் வருவார்கள். நான் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

முறையான பயிற்சிக்கு ஆட்சியர் அலுவலகத்துப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் ஆப்த மித்ரா திட்டத்தைப் பற்றிக் கேள். அது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தன்னார்வலர் பயிற்சித் திட்டம். அதற்கு முன் நம்ம ஊர் நிலைய அலுவலரைப் போய்ப் பார். அவருக்குத் தெரியாமல் எதையும் தொடங்காதே. சம்பவ இடத்தில் அவர் சொல்வதுதான் முடிவு என்று உன் ஆட்கள் எல்லாரும் முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் வரும்போது கிணற்று நோட்டு தயாராக இருக்கட்டும். முழுசாக வேண்டாம், உங்கள் தெருவையும் அதைச் சுற்றியுள்ள கொல்லைகளையும் மட்டும் எழுதியிருந்தால் போதும். அதை வைத்துக்கொண்டு எல்லாரும் நடந்தே போய்ப் பார்ப்போம். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் நம்ம வெயிலில் நடக்க முடியாது.

அன்புடன்,
உன் பெரியப்பா