தேயிலை விலை குறையத்தான் இருந்தது: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

பள்ளிகளில் வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் நோட்டில் அமெரிக்கப் புரட்சிக்குக் காரணம் ஒரே வரியில் இருந்தது: இங்கிலாந்து தேயிலை வரியை உயர்த்தியது, மக்கள் கொதித்தெழுந்தார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் நடந்தது வேறு என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் வரியை உயர்த்தவே இல்லை. ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் என்ற வரி 1767இலேயே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் ஏலத்தை விட்டுவிட்டு நேராக அமெரிக்காவுக்குத் தேயிலை அனுப்பலாம், பிரிட்டனில் கட்டிய சுங்கமும் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் புதிய ஏற்பாடு. டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்த சரக்கைவிடவும் அது மலிவாகக் கிடைத்திருக்கும். அப்படியிருந்தும் டிசம்பர் 16 இரவு எதிர்ப்பாளர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மலிவாயிற்றே என்று வாங்கினால் அந்த மூன்று பென்ஸும் சேர்ந்தே போகும். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பணத்திலிருந்து ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் போனால், அவர்கள் உள்ளூர்ச் சட்டமன்றத்தை எதற்கு மதிக்கப்போகிறார்கள்?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் வைத்துவிட்டுப் போன கடனை அடைக்க 1764இல் சர்க்கரைச் சட்டம் வந்தது. அதில் வெல்லப்பாகு வரி ஆறு பென்ஸிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஆனால் அதுவரை ஒழுங்காக வசூலாகாத வரியைக் கறாராக வசூலிக்கத் தொடங்கினார்கள், வழக்குகள் ஜூரி இல்லாத நீதிமன்றத்துக்குப் போயின. அடுத்த ஆண்டு முத்திரைச் சட்டம். செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு என எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு தாங்காமல் 1766 மார்ச்சில் அதை நீக்கினார்கள். சரி, முடிந்தது என்று பாடம் அங்கே தாண்டிப் போய்விடுகிறது. அதே நாளில் இன்னொரு சட்டம் வந்தது: அமெரிக்கக் குடியேற்றங்களை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அது சொன்னது. அடுத்த பத்தாண்டுச் சண்டையும் அந்த ஒரு சொற்றொடரைப் பற்றியதுதான்.

அப்புறம், அந்தத் தேயிலைக்கும் நமக்கும் உள்ள தொடர்பையும் சொல்லுங்கள். மதராஸை ஆண்ட அதே கம்பெனிதான் அது. ஹைதர் அலியோடு நடந்த போரில் அதற்குப் பெருஞ்செலவு. 1769இல் அவர் மதராஸ் நகரத்தின் வாசல் வரை வந்து உடன்படிக்கை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு வங்காளத்தில் கொடும் பஞ்சம். லண்டன் கிடங்குகளிலோ விற்காத தேயிலை மலையாகக் குவிந்துகிடந்தது. கம்பெனியைக் கைதூக்கிவிடத்தான் அந்தத் தேயிலைச் சட்டமே வந்தது. பென்சில்வேனியா அரசியல்வாதி ஜான் டிக்கின்சன் 1773இல் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் எழுதிய மடலில் வங்காளப் பஞ்சத்தைச் சுட்டிக்காட்டினார். மண் விளையாததால் அந்த ஜனங்கள் சாகவில்லை, உணவுப் பொருளை எல்லாம் வளைத்துப்போட்டுக் கம்பெனி விலையேற்றியதால் செத்தார்கள், இப்போது அதன் கண் நம்மீது விழுந்திருக்கிறது என்று தன் மக்களை எச்சரித்தார். பல்லாயிரம் மைல் தள்ளி நம் பக்கத்துச் சாவு அங்கே ஒரு வாதமாகப் பேசப்பட்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அதே 1773 ஜனவரியில், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில், அடிமைகள் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரு மனு கொடுத்தார்கள். எங்களுக்குச் சொத்து இல்லை, மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, ஊர் இல்லை, நாடு இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். சுதந்திரம் சுதந்திரம் என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த பாஸ்டனில்தான் அது எழுதப்பட்டது. பாடம் முடிந்து ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால், அந்த மனுவைப் பற்றி வகுப்பில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா