ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்: ஒரு வாசகியின் ஆட்சேபம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், ஷவருக்குக் கீழே சுவரில் கறுப்புப் பூஞ்சை படிவது "அந்த வீட்டுப் பெண்மணியின் அசிரத்தையைக் காட்டும்" என்றும், ஆசிட்டில் பிளீச்சிங் பவுடரைக் கலந்து தேய்த்தால் அது "திரும்ப வரவே வராது" என்றும் அச்சிட்டிருந்தீர்கள். முதல் வாக்கியம் என்னைப் புண்படுத்தியது. இரண்டாவது யாரையேனும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது தாங்கள் அறியாததல்ல. 1915இல் பெல்ஜியப் போர்க்களத்தில் வீரர்களை மூச்சடைத்துக் கொன்ற அதே வாயு. அந்த முதல் உலகப் போரில் மாண்ட நம் புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னமே இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இப்படித்தான் இரண்டையும் ஊற்றித் தேய்த்தார். கண் எரிந்து, நெஞ்சு அடைத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டவரை ஆட்டோவில் அழைத்துச் சென்றவள் நான். ஆக்சிஜன் வைத்த பிறகே அவரால் பேச முடிந்தது.

அசிரத்தை என்ற சொல்லுக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே காயாத கடலோர ஊர் இது. பூஞ்சையின் வித்துகள் எல்லார் வீட்டுக் காற்றிலும் உண்டு. சோப்புப் படிவும் விடாத ஈரமும் கிடைத்த இடத்தில் அவை வளரும். என் தாயார் காலத்தில் குளியலறை கொல்லைப்புறத்தில் இருந்தது. வெயிலும் காற்றும் தாராளமாக வந்தன. இன்று நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் குளியலறைக்கு வெளிச்சுவரே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் தள்ளும் காற்று, மேலே தகடு போட்டு மூடிய ஒரு டக்டுக்குள், அதாவது காற்றுப் போக விட்ட குறுகிய இடைவெளிக்குள், போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. கட்டித் தந்தவரிடம் முறையிட்டபோது, தினமும் கழுவுங்கள் அம்மா என்று எனக்கே புத்தி சொன்னார். இத்தகைய குளியலறைகளைத்தான் தங்கள் வீடு-மனைப் பக்கம் வண்ணப்படங்களுடன் ஆண்டுக்கணக்கில் புகழ்ந்து வருகிறது. ஜன்னல் எங்கே என்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

2021இல், கொரோனாவுக்குப் பின் சர்க்கரை நோயாளிகள் பலரைத் தாக்கிய, கறுப்புப் பூஞ்சை நோய் என்று எல்லாரும் சொன்ன மியூகோர்மைகோசிஸ் பற்றிய செய்திக்கும் ஒரு குளியலறைச் சுவரின் படத்தையே போட்டீர்கள். ஷவர் மூலையில் கறுப்பாகப் படிவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் போன்ற வேறு பூஞ்சைகள் என்று விளக்கி அப்போதே எழுதினேன். பதில் வரவில்லை. அந்தக் கறுப்பு தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை; வீட்டு ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவோடு தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே கூறியுள்ளது. ஆனால் அந்த வழிகாட்டி முதலில் தடுக்கச் சொல்வது ஈரத்தை.

தங்கள் குறிப்பு அந்த ஈரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசிட், டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளை சிமெண்டை அரித்துக் குழி விழச் செய்யும். அந்தக் குழியில் தண்ணீர் தங்கி, பூஞ்சை முன்னிலும் ஆழமாக இறங்கும். பிளீச்சிங் பவுடரைத் தனியாகப் போட்டாலும் மேல்நிறம் வெளுக்குமே தவிர, இடுக்கின் உள்ளே இருப்பது பிழைத்துக்கொண்டு மறுபடி முளைக்கும். எங்கள் வீட்டில் எவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு மூலை, சுவருக்குள் கசிந்த குழாயை மாற்றி, பழைய பூச்சைச் சுரண்டி நீர் புகாத எப்பாக்ஸிப் பூச்சை நிரப்பி, இணைப்புகளில் அடைத்திருந்து உள்ளே கறுத்துப்போன சிலிக்கான் பசையை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்த பிறகே சுத்தமானது. குளித்ததும் சுவர் நீரை வைப்பரால் வழித்துவிடுகிறோம்; குடியிருப்போர் சங்கத்தில் போராடி டக்டின் மேல்தகட்டை உயர்த்த வைத்தபின், ஃபேனை அரைமணி நேரம் ஓடவிடுவதும் பயன் தருகிறது. இவற்றில் எதையும் அந்தக் குறிப்பை எழுதியவர் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒரு திருத்தம் மட்டுமே. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது என்று, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். அந்த இணைப்பைப் படித்துவிட்டு ஞாயிறன்றே குளியலறை கழுவுகிறவர்கள் பலர் இருப்பதால், வரும் ஞாயிறு இதழிலேயே அது வர வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.