எட்டு மணி அலாரம்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மறுபடியும் அதையே சொன்னாய். "புதன்கிழமையே கிளம்பியிருந்தா அப்பாவைப் பார்த்திருப்பேன்மா." இரண்டு வருஷமாக இதை எத்தனை விதமாகச் சொல்லிவிட்டாய். ஒவ்வொரு முறையும் "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்று பேச்சை மாற்றினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

அப்பா போன அந்த விடியற்காலையில் நான் தூங்கிவிட்டேன். மூன்று ராத்திரி விழித்திருந்தவள், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது அவர் கை குளிர்ந்திருந்தது. கடைசி வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். அது பொய், கண்ணம்மா.

பக்கத்தில் இருந்திருந்தால் இந்தப் பாரம் இருந்திருக்காது என்று நீ நினைக்கிறாய். பக்கத்தில் இருந்தவள் சொல்கிறேன், எனக்கும் இருந்தது. ராத்திரி படுத்தால் அந்த நாற்காலிதான் கண்ணில் நிற்கும். நினைக்கவே கூடாது என்று முரண்டு பிடித்தேன். அது இன்னும் பெரிதாக வந்தது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் பிறகு படித்தேன். ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றாராம் மாணவர்களிடம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்திருக்கிறது. என் நாற்காலியும் அப்படித்தான்.

அதனால் அடக்குவதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். 1986இல் பென்னிபேக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவியும் கல்லூரிப் பிள்ளைகளை, மனதை அறுக்கும் விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், தினம் பதினைந்து நிமிஷம் எழுத வைத்திருக்கிறார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவாம். எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்திருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் முதல் இரண்டு நாள் அழுகைதான். மூன்றாம் நாள், "மூன்று ராத்திரி தூங்காத உடம்பு அது" என்று கை தானாக எழுதியது. அந்த வரியை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் நான் எடுத்த எடுப்பில் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. எனக்குச் சொல்லிக்கொள்ள இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது உன் புதன்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு நீ கூப்பிட்டபோது "பயப்பட ஒண்ணுமில்ல, வேலைய முடிச்சிட்டு வா" என்று சொன்னது யார்? நான். மருத்துவர் சொன்னதை நம்பி நான் சொன்னேன், என்னை நம்பி நீ இருந்தாய். வெள்ளிக்கிழமை தெரியவந்ததை வைத்துக்கொண்டு புதன்கிழமை இருந்த என் பெண்ணைத் தண்டிக்கிறாயே, அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அப்பாவை மறக்கச் சொல்லவில்லை. அவர் இல்லாத துக்கம் நமக்கு இருக்கத்தான் செய்யும், அது அவர்மேல் வைத்த பாசம். உன்மேல் நீ சுமத்தும் குற்றத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் உன்மேல் குற்றம் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் மாத்திரைக்காக என் போனில் ராத்திரி எட்டு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன், ஞாபகமிருக்கா? இத்தனை நாளும் அது அடித்துக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தினால் அவருக்குத் துரோகம் செய்ததுபோல ஒரு எண்ணம். திங்கட்கிழமை நிறுத்திவிட்டேன். எட்டு மணிக்குக் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. அவரை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு அடைக்கவில்லை.

படித்ததும் கூப்பிடு. அந்தப் புதன்கிழமையை முதலிலிருந்து சொல். இந்த முறை பேச்சை மாற்ற மாட்டேன்.

அம்மா