இந்த வாரம் ஹெக்ஸ்

நண்பர்களே, இந்த வாரம் எல்லோரும் ஹெக்ஸ் ஆடுகிறோம். 1942-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன் உருவாக்கிய பலகை ஆட்டம். பலகையில் 11-க்கு 11 அறுகோணக் கட்டங்கள். ஆளுக்கு இரண்டு எதிரெதிர் ஓரங்கள். தன் காய்களைத் தொடராக வைத்துத் தன் ஓரங்களை முதலில் இணைப்பவருக்கு வெற்றி. வைத்த காய் நகராது, வெட்டுப்படாது. டிரா கிடையவே கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

முதலில் ஆடுபவருக்குச் சாதகம் அதிகம் என்பதால் இடமாற்று விதி கட்டாயம்: முதல் காய் விழுந்ததும் எதிராளி விரும்பினால் பக்கம் மாறிக்கொள்ளலாம். ஆகவே முதல் காயை நட்டநடுவில் வைக்காதீர்கள், கைமாறிவிடும்.

அப்புறம், புதியவர்கள் காய்களை ஒட்டி ஒட்டி வைக்க வேண்டாம். இரு காய்களையும் தொடும் இரண்டு காலிக் கட்டங்கள் நடுவே இருக்கும்படி தள்ளி வையுங்கள். எதிராளி ஒன்றை அடைத்தால் மற்றதில் இணைத்துவிடலாம்.

ஆட்டம் முடிந்ததும் பலகையைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.