ஸ்பீடு கன்னுக்குத் தப்பும் பெயிண்ட் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்துவரும் எங்கள் பட்டறையில் கடந்த சில மாதங்களாக ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. வண்டியின் வேகத்தை அளக்கப் போலீசார் பயன்படுத்தும் ஸ்பீடு கன்னில் வண்டி சிக்காமலிருக்க ஒரு தனிப் பெயிண்ட் உண்டாமே, அதை அடித்துத் தர முடியுமா என்பதே அக்கேள்வி. கேட்பவர்களில் பலர் மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்பவர்கள், வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள். சமவெளிச் சாலையில் ஒரு முறை அதிகமாக ஆக்சிலேட்டரை மிதித்ததற்கு இரண்டு நாள் வருமானத்தை அபராதமாகக் கட்டியவர்கள். அவர்களை ஒற்றைச் சொல்லில் மறுத்து அனுப்புவது முறையாகாது என்பதால் இம்மடலை எழுதுகிறோம். அப்படிப் பயன் தரும் கார் பெயிண்ட் எதுவும் இல்லை. அந்தப் பெயரில் விற்கப்படும் எதையும் இனி எங்கள் பட்டறையில் அடிக்க மாட்டோம்.

‘இனி’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து வந்த ஒரு விற்பனையாளர், போர் விமானங்களுக்கு அடிக்கும் பூச்சு இது என்று சொல்லிச் சாம்பல் நிறத்தில் சில டின்களைக் கொடுத்துச் சென்றார். அவர் பேச்சை நம்பி, கோத்தகிரி வாடிக்கையாளர் ஒருவரின் காரில் பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் அதை அடித்தோம். ஒன்றரை மாதத்தில் அவருக்கு மறுபடியும் வேகத்துக்கான அபராத நோட்டீஸ் வந்தது. வாங்கிய தொகை முழுவதையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். ஆனாலும், ஆராயாமல் ஒரு பொருளை அவர் வண்டியில் ஏற்றிவிட்டோமே என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

அதன்பின் மீதமிருந்த டின்னை நாங்களே சோதித்தோம். எங்கள் பெயிண்டரின் மகன் பொறியியல் படிக்கிறார். தானியங்கிக் கதவுகளில் ஆள் வருவதை அறியப் பொருத்தும் சிறிய நுண்ணலை (மைக்ரோவேவ்) உணர்கருவி ஒன்றை அவர் கொண்டுவந்தார். அது வேலை செய்யும் முறையும், ஸ்பீடு கன்களில் ஒரு வகையான ரேடார் கன்னின் முறையும் ஒன்றே. பழைய பானெட் தகடுகள் இரண்டை எடுத்து, ஒன்றில் வெறும் பிரைமரும் மற்றொன்றில் அந்தப் பூச்சு மூன்று கோட்டும் அடித்து, தள்ளுவண்டியில் நிறுத்தி ஒரே தூரத்திலிருந்து மாறி மாறி நகர்த்தினோம். திரையில் இரண்டு தகடுகளுக்கும் இடையே எங்களால் வேறுபாடு காண முடியவில்லை. இது ஆய்வகச் சோதனை அன்று என்பதை அறிவோம். ஆனால் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டபோது, வேறு முடிவு வந்திருந்தால்தான் வியப்பு என்று புரிந்தது.

ரேடார் கன் ஒரு நுண்ணலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு) எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. நெருங்கி வரும் மலை ரயிலின் ஊதல் ஓசை கூர்மையாகவும், கடந்து போனதும் சற்றுத் தாழ்ந்தும் கேட்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு அது. 24.15 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் ஒரு கன்னுக்கு நேர் எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, திரும்பும் அலையில் ஏறத்தாழ 2,680 ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்கும். பூச்சு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அலையின் வலிமையைத்தான் குறைக்க முடியும். இந்த மாற்றத்தைக் குறைக்க முடியாது. ஆகவே கருவி உணரும் அளவுக்குச் சிறிதளவு அலை திரும்பினாலும் அது காட்டும் வேகம் உண்மையான வேகமாகவே இருக்கும்.

வலிமையைக் குறைத்தால் கன் எட்டும் தூரமாவது குறையாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அலை போகும்போதும் பரவி மெலிகிறது, வரும்போதும் பரவி மெலிகிறது என்பதால், கணக்கு நாம் நினைப்பது போல அமைவதில்லை. தூரம் பாதியானால் திரும்பும் அலை பதினாறு மடங்கு வலுவடையும். எனவே 400 மீட்டரில் பிடிபடும் வண்டி 200 மீட்டருக்கு வந்தால்தான் பிடிபட வேண்டும் என்றால், திரும்பும் அலையில் பதினாறில் பதினைந்து பங்கை விழுங்கியாக வேண்டும். பாதியை விழுங்கும் பூச்சு கிடைத்தாலும் எட்டும் தூரம் 400-இலிருந்து சுமார் 336 மீட்டராகத்தான் குறையும். அந்த 64 மீட்டரை, 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நான்கு நொடிக்குள் கடந்துவிடும்.

விமானப் பூச்சு என்ற பேச்சுக்கு வருவோம். நுண்ணலையை விழுங்கும் பூச்சுகள் உண்மையிலேயே உள்ளன. மிக நுண்ணிய இரும்புத் தூளைப் பசையில் கலந்து செய்பவை அவற்றில் ஒரு வகை. ஆனால் 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 12 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால், அதை விழுங்கும் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலாவது கனம் வேண்டும். நாங்கள் காருக்கு அடிக்கும் பிரைமர், பேஸ் கோட், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தாலும் கனம் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பத்துச் சதுர மீட்டர் பரப்புக்கு அடிப்பதானால் பத்து லிட்டர் பூச்சு தகட்டில் நிற்க வேண்டும். இரும்புத் தூள் நிறைந்த அதன் எடை 40 கிலோ அளவுக்கு வரும். அவ்வளவு கனமாக அடித்த பூச்சு வெயிலிலும் குளிரிலும் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் ஈரம் காயாத குன்னூரில், வெடிப்புக்குள் நீர் இறங்கினால் உள்ளிருக்கும் இரும்புத் தூளே துருப்பிடிக்கத் தொடங்கும். மேலும், ரேடாருக்குத் தப்பும் விமானங்கள் பூச்சைவிட உருவத்தையே பெரிதும் நம்புகின்றன. அலையை வந்த திசைக்கு அனுப்பாமல் வேறு பக்கம் சிதறடிக்கும்படி அவற்றின் பரப்புகள் சாய்க்கப்பட்டிருக்கும். அப்படி வடிவமைத்த அமெரிக்கப் போர் விமானமான எஃப்-117-ஏ 1999-இல் செர்பியாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. காரின் முகமோ ரேடியேட்டர், ஹெட்லைட், நம்பர் பிளேட் என எல்லாவற்றையும் சாலையை நோக்கி நேராக நிறுத்தியிருக்கிறது.

பட்டறைக்காரர்களாகிய எங்களுக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. இன்றைய கார்களின் பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. நுண்ணலை அதை ஊடுருவிச் சென்று பின்னாலுள்ள இரும்புச் சட்டத்திலும் ரேடியேட்டரிலும் பட்டுத் திரும்பும். கண்ணாடி வழியாகவும் உள்ளே போய்த் திரும்பும். இவற்றுக்கெல்லாம் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அதோடு, எதிரே தடை வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் புதிய கார்கள் பலவற்றில், 77 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறு ரேடார் ஒன்று முன்புற கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் உள்ளது. அந்தப் பகுதியில் மெட்டாலிக் பெயிண்ட்டையோ புட்டியையோ அளவுக்கு மீறி ஏற்றினாலே அது சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால், அங்கே ரீபெயிண்ட் செய்யும்போது நாங்கள் தனிக் கவனம் எடுத்துக்கொள்கிறோம். ரேடாரை உண்மையிலேயே தடுக்கும் ஒரு பூச்சு அங்கே அடிக்கப்பட்டால், முதலில் குருடாவது உங்கள் காரின் கண்தான். குன்னூருக்கு அருகிலுள்ள காட்டேரி என்ற ஊரின் வளைவில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை சாலைக்கு இறங்கும் நேரத்தில், அந்தக் கண்ணை நாங்களே மூடிவைத்திருந்தோம் என்ற நிலை வர நாங்கள் ஒருபோதும் சம்மதிக்க மாட்டோம்.

ஸ்பீடு கன்களில் மற்றொரு வகையான லேசர் கன்னின் முறை வேறு. அது கண்ணுக்குத் தெரியாத, ஏறத்தாழ 905 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புகளாக அனுப்பி, அவை திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தையும், தூரம் மாறும் விரைவைக் கொண்டு வேகத்தையும் கணக்கிடுகிறது. இந்த ஒளி எத்தகையது என்று அறிய, டி.வி. ரிமோட்டின் முனையைக் கைப்பேசி கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒரு வெளிர்ப் புள்ளி மின்னும். கறுப்பு மேட் பெயிண்ட் இவ்வொளியைச் சற்று விழுங்கும் என்பது மெய். ஆனால் லேசர் கன்னைப் பிடிப்பவர் குறி வைப்பது பானெட்டை அன்று. நம்பர் பிளேட்டையும் ஹெட்லைட்டையும்தான். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் ஒட்டப்பட்டுள்ள தாள், விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதற்கென்றே செய்யப்பட்டது. அதன்மீது ஸ்பிரே அடிப்பதும், நிறக் கண்ணாடித் தாள் ஒட்டுவதும், எழுத்தை மறைப்பதும் குற்றம். அவ்வேலைகளை எவ்வளவு பழகிய வாடிக்கையாளர் கேட்டாலும் செய்ய மாட்டோம்.

இரண்டு கேமராக்களுக்கு இடையிலான தூரத்தை, கடந்த நேரத்தால் வகுத்துச் சராசரி வேகம் காணும் முறையில், பெயிண்ட்டுக்கு வேலையே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், அதிவேகத்துக்கு இலகுரக வண்டிகளுக்கு 1,000 முதல் 2,000 ரூபாயும், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாயும் அபராதம் குறிக்கிறது. முன்பக்கத்துக்கு மட்டும் அந்தப் பூச்சை அடிக்க எங்களிடம் விற்பனையாளர் சொன்ன கூலி இதைவிடப் பல மடங்கு. காரின் நிறமே மாறும்படி அடித்தால் ஆர்.சி.யிலும் (பதிவுச் சான்றிதழிலும்) நிறத்தை மாற்றிப் பதிய வேண்டிய வேலை தனி. நோட்டீஸில் உள்ள படம், நேரம், இடம் ஆகியவற்றைப் பார்த்து, அது உங்கள் வண்டி அன்று என்று தோன்றினால் முறையாக மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. அதற்குப் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பட்டறைக்கு வந்தால் கட்டணமின்றி உதவுகிறோம்.

இத்தகைய பூச்சை வேறெங்காவது அடித்துக்கொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்கள். பூச்சின் ஓரங்களில் பழுப்புக் கறை இறங்கியிருந்தாலோ, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தாலோ தாமதிக்க வேண்டாம். தகடு வரை தேய்த்து எடுத்து, துரு நீக்கி, பிரைமர் அடித்து, பழைய நிறத்துக்கே கொண்டுவந்து தருகிறோம். பொருள் செலவு மட்டும் உங்களுடையது, கூலி எங்களுடையது. முன் ரேடார் உள்ள கார்களாக இருந்தால், வேலை முடிந்ததும் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் அந்த ரேடாரைச் சரிபார்த்த பிறகே வண்டியை ஓட்டுங்கள். இந்தப் பூச்சுக்காக எங்களிடம் முன்பணம் கொடுத்திருக்கும் வாடிக்கையாளர்கள் ரசீதுடன் எந்த வேலை நாளிலும் வந்து தொகையைப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறைப் பொறுப்பாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.