பட்டையைக் கழற்றுமுன்

மார்த்தாண்டம்

மக்கா,

உன் அம்பாசடர் காரின் படம் பார்த்தேன், பழைய மார்க் 2 இவ்வளவு துருவில்லாமல் கிடைப்பது அபூர்வம். பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது, பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். எடுக்காதே. நாலு பேர் ஏறினால் அச்சு மேலே இருக்கும் ரப்பர் தடுப்பில், அதான் பம்ப் ஸ்டாப்பில், இடிக்கும்.

முதலில் ஸ்பிரிங் இறுகிப்போயிருக்கிறதா என்று பார். பின் பம்பரைத் தூக்கி மெல்ல விடு. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்துகொள். பிறகு கீழே அழுத்தி மெல்ல விட்டு மறுபடி அள. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் பட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம்மூரில் இரண்டு மழைக்காலம். பட்டைகளுக்கு இடையில் துரு ஏறாமல் எப்படி இருக்கும்?

ஸ்பிரிங் செட்டை இறக்கி, ஜி கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்று, இல்லாவிட்டால் பட்டை தெறிக்கும். ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேல்பட்டையில் பள்ளம் தோண்டியிருக்கும். அந்த நுனியை அரத்தால் மழுக்கி, துருவைத் தேய்த்தெடுத்து, கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகப் பூசு. ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் அது படக்கூடாது, ஊதிவிடும்; சோப்புத் தண்ணீர் போதும். ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதே கடைசியாக முறுக்கு. ஜாக்கியில் நிற்கையில் முறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் தப்பு இதுதான்.

ஷாக் அப்சார்பர் பழைய கை (லீவர்) வகையா? அப்படியானால் இணைப்பைக் கழற்றி, கையை முழு வீச்சுக்கும் மேலும் கீழும் ஆட்டிப் பார். இடையில் எங்காவது லேசாகப் போனால் எண்ணெய் குறைவு. எஸ்.ஏ.இ. 20 ஃபோர்க் ஆயில் ஊற்றி, காற்று போகும்வரை ஆட்டு. பிரேக் ஆயில் வேண்டாம். அதற்குப் பிறகும் லேசாகவே இருந்தால் வால்வு போய்விட்டது.

முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியை, அதான் டார்ஷன் பாரை, யாராவது "டைட் பண்ணித் தரேன்" என்றால் விடாதே. முறுக்கினால் உயரம்தான் கூடும், விறைப்பு கூடாது. விறைப்பு கம்பியின் விட்டத்தையும் நீளத்தையும் பொறுத்தது. உயரம் கூடினால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் குறைந்து, அடி இன்னும் பலமாக விழும். கம்பியில் கீறல் விழாமலும் பார்த்துக்கொள், உடைவது அங்கிருந்துதான்.

டயர் காற்றை இதற்கெல்லாம் முன்னாலேயே பார்த்துவிடு. புது கார் அளவுக்கு ஏற்றிவைத்திருப்பார்கள், அதுவே தூக்கிப் போடும்.

புஷ் வாங்க இந்தப் பக்கம் வந்தால் பழைய புஷ்ஷையும் ஷாக்கிள் பின்னையும் கையோடு எடுத்து வா. கடையில் போட்டுப் பார்த்தே வாங்கலாம்.

அன்புடன்,
உன் மக்கா