கடைமடைக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். லான்ஜோவில் குளிர் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். அதற்கு நீ வீசாட்டில் அவளிடமே பதில் சொல்லிவிடு. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

உங்கள் குழு அடுத்து, சீனாவில் நீ இருக்கிற அதே கான்சு மாகாணத்தின் மின்ச்சின் கவுண்டிக்குக் களப்பணிக்குப் போகிறது என்றாய். "வெறும் மணல்தான், பார்க்க ஒன்றும் இல்லை" என்று உன்னோடு படிக்கிற பெண் சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பாசனத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? மணலை அங்கே யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நீ தேடிப் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கணக்கை.

கவுண்டி என்றால் நிர்வாகத்தில் நம் தாலுகா மாதிரி. ஆனால் மின்ச்சின்னின் பரப்பு சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். பிரிக்காத பழைய தஞ்சாவூர் மாவட்டம் ஏறக்குறைய இரண்டு வைக்கலாம். அதில் பத்தில் ஒன்பது பங்கு பாலை. மேற்கிலும் வடக்கிலும் படைன் ஜரான் பாலைவனம், கிழக்கில் டெங்கர் பாலைவனம், நடுவில் ஒடுங்கலாக ஒரு பசும்பரப்பு. ஆண்டு மழை சுமார் 110 மில்லிமீட்டர். ஆவியாக்கும் வெயிலும் காற்றுமோ 2,600 மில்லிமீட்டர் வரை கேட்கும். மழையை நம்பி அங்கே யாரும் விதைக்க முடியாது. எல்லாம் ஷியாங் ஆறுதான்.

அந்த ஆறு தெற்கே சிலியன் மலையில் பிறக்கிறது. மலையிலிருந்து எட்டுக் கிளைகள் இறங்குகின்றன. வூவெய் சமவெளியைக் கடந்து வடக்கே வந்து, கடலைப் பார்க்காமலே மின்ச்சின்னின் வடக்கு ஓரத்தில் ஓர் ஏரியில் முடிந்துவிடும். மொத்தப் படுகைக்கும் ஆண்டுக்குக் கிடைக்கிற ஆற்றுநீர் சுமார் 156 கோடி கன மீட்டர். நம் கணக்கில் 55 டிஎம்சி. மேட்டூர் நிரம்பினால் 93. அந்த 55ஐ வைத்துக்கொண்டுதான் தலைமடையில் வூவெய், பக்கத்தில் யோங்சாங், நிக்கல் சுரங்க நகரமான ஜின்சாங், கடைமடையில் மின்ச்சின் எல்லாம் பிழைக்க வேண்டும். கடைமடை என்றால் என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உன் தாத்தாவின் வயலில் நடவுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த லட்சணத்தைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ.

ஊருக்கு வயது அதிகம். 1920களில் யோஹான் குன்னர் ஆண்டர்சன் என்ற சுவீடன்காரர் அங்கே ஷாஜிங் என்ற இடத்தில் தோண்டிப் பழைய குடியிருப்பைக் கண்டார். ஷாஜிங் பண்பாடு என்று இன்றும் அதற்குப் பெயர். கி.மு. 121ல் ஹான் படை ஷியோங்னு நாடோடிகளை விரட்டிய பிறகு அந்தப் பக்கமெல்லாம் சீனப் பேரரசுக்குள் வந்தது. சு வூ கதையை நீ அங்கே கட்டாயம் கேட்பாய். ஷியோங்னுக்களிடம் தூது போய்ச் சிறைப்பட்டு, 19 ஆண்டு ஆடு மேய்த்தும் தன் அரசனுக்கு விசுவாசம் மாறாமல் திரும்பியவர். அவர் மேய்த்தது எங்கள் ஊர் மலையில்தான் என்று மின்ச்சின்காரர்கள் சாதிப்பார்கள், மலைக்கே அவர் பெயர். வரலாற்று ஆசிரியர்களில் பெரும்பாலோர் பைக்கால் ஏரிப் பக்கம் கை காட்டுகிறார்கள். நீ ஊர்க்காரர்களிடம் வாதாடாதே, தலையாட்டிவிட்டு வா.

மிங் காலத்தில் அது எல்லைக் காவல் ஊர். ஜென்பான் என்று பெயர். சிங் ஆட்சியில் 1724ல் கவுண்டி ஆனது. மின்ச்சின் என்ற பெயர் 1920களின் கடைசியில் வந்ததுதான். எனக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் ஒரு சேதி என்னை உட்கார வைத்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜென்பான் விவசாயிகள் மேலே இருக்கிற வூவெய்க்காரர்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆற்றை மறித்தார்கள், புது வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள் என்பதுதான் புகார். அதிகாரிகள் விசாரித்து, கடைமடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கல்லில் வெட்டியும் சண்டை ஓயவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் 1950கள். இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். மலையடிவாரத்தில் ஒவ்வொரு கிளை ஆற்றிலும் அணை கட்டத் தொடங்கினார்கள். வூவெயில் பாசனம் விரிந்தது, மின்ச்சின்னுக்கு வருகிற ஆறு மெலிந்தது. அந்த நாளில் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது, 2000த்தின் தொடக்கத்தில் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை டிஎம்சி ஆகிவிட்டது. பொதுவாக எல்லோரும் இதோடு நிறுத்தி, பழியை வூவெய் மேல் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் மின்ச்சின்னும் சும்மா இருக்கவில்லை. 1958ல் ஆற்றுக்குப் பக்கத்திலேயே ஹோங்யாஷான் நீர்த்தேக்கத்தைக் கட்டியது. பாலைவனத்துக்குள் கட்டிய நீர்த்தேக்கங்களில் ஆசியாவிலேயே பெரியது என்று பெருமையாகச் சொல்வார்கள். கிட்டத்தட்ட மூன்றரை டிஎம்சி கொள்ளும், பிறகு கரையை உயர்த்தி ஐந்துக்கு மேல் ஆக்கினார்கள். அது வந்ததும் ஆறு அதற்குக் கீழே இயல்பாக ஓடுவது நின்றது. வடகோடியில் இருந்த ச்சிங்து ஏரி 1959ல் வற்றிவிட்டது. ஹான் காலத்தில் பல நூறு சதுர கிலோமீட்டர் விரிந்திருந்த ஒரு பெரிய ஏரியின் கடைசி மிச்சம் அது. மேலே இருப்பவன் தனக்குச் செய்ததை மின்ச்சின் தன் கடைசிக் கிராமங்களுக்குச் செய்தது. கடைமடைக்கும் ஒரு கடைமடை இருக்கிறது, பாப்பா. அணையை ஒட்டிய பகுதி, நடுவில் ஊற்றுப் பகுதி, வடக்கே ஏரிப் பகுதி என்று அந்தப் பசும்பரப்பையே மூன்றாகத்தான் அங்கே பிரித்துப் பேசுகிறார்கள். உன் தோழி பார்த்த மணல் பெரும்பாலும் அந்த வடகோடி ஏரிப் பகுதியாகத்தான் இருக்கும்.

ஆறு வராவிட்டால் விவசாயி என்ன செய்வான்? பூமிக்குள் இறங்குவான். மோட்டார் வந்தது, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. தர்பூசணி விதை, முலாம்பழம், பருத்தி, பெருஞ்சீரகம் எல்லாம் நல்ல விலைக்குப் போன காலம். அதிலும் பெருஞ்சீரகத்துக்கு மின்ச்சின் நாடறிந்த ஊர். தரிசையும் உடைத்துப் பயிர் வைத்தார்கள். உச்சத்தில் அந்தப் பசும்பரப்பில் மட்டும் ஆண்டுக்கு 51 கோடி கன மீட்டர், அதாவது 18 டிஎம்சி நிலத்தடி நீரை இழுத்தார்கள். ஆறு கொடுக்காமல் விட்டதை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். மேலே ஊறிய தண்ணீர் உவராகிப்போக, ஏரிப் பகுதியில் நல்ல தண்ணீருக்கு 300 மீட்டர் வரை துளைக்க வேண்டி வந்தது. நட்ட மரமெல்லாம் நீர்மட்டம் இறங்கியதும் பட்டுப்போனது. வேர் எட்டாத இடத்துக்குத் தண்ணீர் போய்விட்டால் மணலை எது பிடித்து வைக்கும்?

1993 மே 5ல் ஒரு கருப்புப் புயல் அந்த வட்டாரம் முழுவதும் அடித்தது. ஜின்சாங், வூவெய், மின்ச்சின், கூலாங் என்று போன இடமெல்லாம் இருட்டு. 85 பேர் இறந்தார்கள், அதில் பலர் பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே உன்னைத் திரும்பி வரச் சொல்வாள். நீயும் சொல்லாதே. ஆனால் வசந்த காலத்தில் போவதானால் நல்ல முகமூடியும் கண்ணாடியும் வாங்கி வைத்துக்கொள்.

2004 ஜூனில் ஹோங்யாஷான் நீர்த்தேக்கமே காய்ந்து தரை தெரிந்தது. கட்டியதிலிருந்து அதுதான் முதல் முறை. அதற்கு முன்பே பல ஆயிரம் பேர் உள்மங்கோலியாவுக்கும் ஷின்ஜியாங்குக்கும் கிளம்பிப் போயிருந்தார்கள். உலகமெங்கும் மின்ச்சின்காரர்கள் உண்டு, மின்ச்சின்னில்தான் வெளியூர்க்காரர் இல்லை என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறதாம். 2010 கணக்கெடுப்பில் சுமார் 2.4 லட்சம் பேர். இப்போது இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அதற்கு வறட்சி மட்டும் காரணமில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியே அனுப்புவதில் அந்த ஊர் கெட்டிக்கார ஊர். அதைப் பற்றி நான் குறை சொன்னால் நீ சிரிப்பாய்.

வற்றிப் பாலையாகிப்போன லோப் நூர் ஏரியைப் போல மின்ச்சின்னை இரண்டாவது லோப் நூர் ஆக விடக்கூடாது என்று பிரதமராக இருந்த வென் ஜியாபாவ் திரும்பத் திரும்பச் சொன்னார். 2007 அக்டோபர் 1ல் நேரிலும் போனார். அந்த ஆண்டுக் கடைசியில் ஷியாங் படுகைக்கான சீரமைப்புத் திட்டத்தை மத்திய அரசு ஏற்றது. அதன் உயிர்நாடி ஓர் அளவீட்டு நிலையம். ஆறு மின்ச்சின்னுக்குள் நுழைகிற இடத்தில் சாய்ச்சி என்று ஒன்று இருக்கிறது. 2010க்குள் அந்த இடத்தை ஆண்டுக்கு 25 கோடி கன மீட்டர் தாண்ட வேண்டும் என்று தலைமடைக்கு எல்லை போட்டார்கள். சுமார் 9 டிஎம்சி. ஷீயிங் கிளையிலிருந்து சாய்ச்சி வரை 50 கிலோமீட்டருக்குத் தனி வாய்க்கால் போட்டு, வழியில் யாரும் மடை திறக்காதபடி கொண்டுவந்தார்கள். மஞ்சள் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றி, டெங்கர் பாலைவனம் வழியாகக் கொண்டுவருகிற தண்ணீர் 2001லிருந்தே வருகிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட அளவு, அதற்கு மேலே இருக்கிறவன் பொறுப்பு. இந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. கான்கிரீட் வாய்க்காலில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பழைய ஆற்றுப்படுகையில் ஓடும்போது கசிந்து நிலத்தடிக்குப் போன தண்ணீர் இப்போது அங்கே போகாது. அதை யாராவது அளக்கிறார்களா என்று உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார்.

பெரிய மாற்றம் மின்ச்சின்னுக்குள்ளேயேதான். 18 டிஎம்சி இறைத்ததை மூன்றாகக் குறைப்பது இலக்கு. 3,000க்கும் மேல் கிணறுகளை மூடினார்கள். ஆளுக்கு 2.5 மூ நிலத்துக்குத்தான் தண்ணீர் என்று வரையறுத்தார்கள். ஒரு மூ என்பது பதினைந்தில் ஒரு ஹெக்டேர். நம் கணக்கில் ஆளுக்கு 41 சென்ட். மீதி நிலத்தைக் காயப்போடு, இல்லாவிட்டால் சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பசுமைக்குடில் வை, ஆடு வளர். நம் ஊரில் ஒரு விவசாயியிடம் போய் உன் கிணற்றை மூடு என்று சொல்லிப் பார்க்கச் சொல், உயிரோடு திரும்பி வர வேண்டுமே! அங்கே எப்படிச் செய்தார்கள், என்ன இழப்பீடு கொடுத்தார்கள், எவ்வளவு வற்புறுத்தினார்கள் என்பதை நீதான் நேரில் கேட்டு எழுத வேண்டும்.

2010லிருந்து வறண்ட ச்சிங்து ஏரிக்கு ஆண்டுதோறும் தண்ணீர் விடுகிறார்கள். முதலில் 3 சதுர கிலோமீட்டர் நனைந்தது, இப்போது 20க்கு மேல். நாணல் முளைத்திருக்கிறது, பறவைகள் வருகின்றன, படங்கள் அழகாக இருக்கின்றன. சிலர் இதை வீண் வேலை என்கிறார்கள். ஆழமில்லாத ஏரி, 2,600 மில்லிமீட்டர் ஆவியாதல், கேட்கவா வேண்டும்? கணக்குப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அங்கே தரைக்கு அடியில் 4 மீட்டர் ஆழத்தில் இருந்த நீர்மட்டம் 3 மீட்டருக்கு ஏறியிருக்கிறது என்கிறார்கள். இரண்டு பாலைவனங்களும் கைகோக்கிற இடத்தில் நாணல் வேர் பிடித்தால் அதுதான் மலிவான தடுப்பு. என் ஓட்டு ஏரிக்குத்தான். ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அந்தத் தண்ணீர், கிணற்றை மூடிய வடகோடிக் கிராமங்களைத் தாண்டித்தான் ஏரிக்குப் போகிறது. தன் வயலுக்கு வராமல் வாசல் வழியே ஓடுகிற தண்ணீரைப் பற்றி அந்த ஊர்க் கிழவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எந்த அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

ஆக, போனதும் உங்கள் வண்டி நேராக மணல்மேட்டுக்கும், மணலைப் பிடிக்கச் சாக்சவுல் என்ற பாலைச் செடியை நட்ட இடத்துக்கும் போகும். போகட்டும், பார். 1970களில் தொடங்கிய பாலைவனத் தாவரத் தோட்டமும் இருக்கிறது, அதையும் விடாதே. வைக்கோலைக் கட்டம் கட்டமாகப் புதைத்து மணலை நிறுத்துகிற வேலையைச் செய்தும் பார், முதுகு கழன்றுவிடும். ஆனால் ஒரு நாளாவது தனியாக ஒதுக்கி ஏரிப் பகுதிக் கிராமங்களுக்குப் போ. மொழி தெரிந்த தோழி யாரையாவது கூட்டிக்கொள். மூடின கிணறு எங்கே இருந்தது, எத்தனை மீட்டர், கடைசி வருடம் தண்ணீர் உப்பாக இருந்ததா, இப்போது முறைத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, இதையெல்லாம் கேள். பெண்களிடம் தனியாகக் கேள், குடிதண்ணீர்க் கதை அவர்களிடம்தான் இருக்கும்.

சாய்ச்சியில் நிறுத்த முடிந்தால் அளவுகோல் பலகையைப் படம் பிடித்து அனுப்பு, பக்கத்தில் நீயும் நின்றுகொள். அம்மாவுக்கு நீ வேண்டும், எனக்குப் பலகையில் இருக்கிற எண் வேண்டும்.

அன்புடன்,
அப்பா